சொக்கப்பனையில் பூத்த செந்தூரம்

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது எதிர்வீட்டு மதினியின் நெற்றி.

மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது, வழக்கமாகத் திருநீறு இருக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று இருந்தது. கல்யாண வீட்டுக் கேசரியின் நிறம். அனுமார் கோயில் செந்தூரமாக இருக்குமோ என்றால், எங்கள் ஊரில் அனுமார் கோயில் கிடையாது. பக்கத்தில் திருவரங்குளத்துக்குப் போய்வந்தால்கூட மதினி அதை ஒரு வாரம் முன்பே தெருவுக்கு அறிவித்துவிடுவார். அதனால் கேட்டேன்.

"என்ன மதினி, நெத்தியில?"

"சாமி குடுத்தது." கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "சொக்கப்பனைக் கட்டை இருக்குல்ல, ஒங்கண்ணன் தூக்கியாந்தது? மாட்டுக் கொட்டாயில சாத்தி வச்சிருந்தேன். இன்னைக்கு வெள்ளன பால் கறக்கப் போனா, கட்டை பூராவும் செந்தூரமா பூத்துக் கெடக்கு. வேற யாரு வீட்டுலயும் பூக்கல. எங்க வீட்டுலதான்."

கடைசி இரண்டு வாக்கியங்களை நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி சொன்னார்.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் சிவன் கோயில் முன்னால் பட்டுப்போன பனைமரத் தண்டு ஒன்றை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டிக் கொளுத்துவார்கள். ஓலை எரிந்து முடிந்ததும் கூட்டம் பாயும். பாதி எரிந்த தண்டைக் கோடரியால் பிளந்து ஆளுக்கொரு துண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வயலில் ஊன்றினால் பூச்சி அண்டாது, கொட்டகையில் வைத்தால் மாட்டுக்கு நோய் வராது. சென்ற கார்த்திகையில் அண்ணன் பெரிய துண்டாகத் தூக்கிவந்துவிட்டார். அதற்குப் பிறகு மழை விடாமல் பெய்தது. மதினி வீட்டுக் கொட்டகை ஒழுகும்.

போய்ப் பார்த்தேன். கரிந்த பட்டை வெடித்த இடங்களிலெல்லாம் ஆரஞ்சு நிறம் பொங்கி நின்றது. ஊதினால் பறக்கும்போல அவ்வளவு மென்மையான பொடி. போனில் படம் எடுத்துத் திருச்சியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். அனுப்பிய கை இறங்குவதற்குள் அழைப்பு வந்தது. எட்டு மணிக்கு முன்னால் அவள் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை.

"அக்கா, அது எங்க இருக்கு?"

"மதினி வீட்டு மாட்டுக் கொட்டாயில."

"யாரும் தொட்டாங்களா?"

"மதினி நெத்தியில வச்சிருக்காங்க."

"நெத்தியிலயா?"

"நீளமா."

"சரி, இனிமே யாரையும் கிட்ட விடாத. நான் வாரேன்."

"விடாதன்னா எப்படி? நான் என்ன போலீசா?"

வைத்துவிட்டாள்.

தங்கை மூலக்கூறு உயிரியல் படித்தவள். பூஞ்சைகளின் மரபணுக்கள்தான் அவள் தொழில். அதிலும் ஒரே ஒரு பூஞ்சை. பேக்கரிகளில் பழைய ரொட்டியைப் பிடித்துக்கொள்ளும், எரிந்த மரங்களில் வளரும், ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதன் விதைத்தூள் மண்ணிலும் மரத்திலும் வருடக்கணக்காகத் தூங்கும். நெருப்பின் சூடு பட்டால்தான் விழிக்கும். ஊரே அடங்கிச் சாம்பலான பிறகு எழுந்து சோம்பல் முறிக்கிற ஒரே உயிர் என்று அவளே சொல்வாள்.

இந்தப் பூஞ்சைக்கு நேரம் தெரியும். இருட்டறையில், நீளமான கண்ணாடிக் குழாயில் வளர விட்டால், ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பிட்ட வேளையில் மட்டும் ஆரஞ்சு பொடியை உண்டாக்கும். மற்ற நேரத்தில் வெறுமனே முன்னே நகரும். குழாயைப் பார்த்தால் வரிக்குதிரைபோல் பட்டை பட்டையாக இருக்கும். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே உள்ள தூரம்தான் அதன் ஒரு நாள். மனிதனுக்கு ராத்திரி ஏன் தூக்கம் வருகிறது என்பதில் தெரிந்துகொண்ட பல விஷயங்கள் இந்தப் பூஞ்சையிடமிருந்தும் ஒரு சிறு ஈயிடமிருந்தும் தெரிந்துகொண்டவை. இதை நான் செய்தியாக எழுதியிருந்தால் ஈயைத்தான் தலைப்பில் போட்டிருப்பேன். தங்கை அதற்காகவே என்னிடம் ஒரு முறை இரண்டு நாள் பேசவில்லை.

உலகத்தில் உள்ள இந்தப் பூஞ்சைகளுக்கெல்லாம் ஒரு நாள் என்பது நம் நாளைவிடக் கொஞ்சம் குறைவு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகைக்கு வந்திருந்தபோது, கோயில் வாசலில் மிச்சமிருந்த சொக்கப்பனை அடித்தண்டிலிருந்து அவள் சும்மா கொஞ்சம் பூஞ்சை எடுத்துப்போனாள். அதற்கு நாள் நீளமாக இருந்தது. நம் நாளைவிடவும் நீளம்.

"நம்மூர் பூஞ்சையில்ல, எல்லாத்துக்கும் லேட்டாதான் வரும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நேரம் சொல்லும் மரபணுவைப் பிரித்துப் படித்தாள். பல ஆயிரம் எழுத்துகளில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நான் பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் எழுத்துப்பிழை திருத்திச் சம்பளம் வாங்கினேன். அவள் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து, அதை யாரும் திருத்திவிடாமல் பாதுகாத்து, நான்கு வருடம் அதன் மேலேயே உழைத்தாள்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியபோது மதிப்பிட்டவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: ஒரே மரம், ஒரே முறை எடுத்தது. இந்த எழுத்து மாற்றம் உங்கள் ஆய்வகத்துக் குழாயிலேயே தற்செயலாக உண்டாகியிருக்கலாமே? அதே ஊரிலிருந்து மறுபடி எடுத்துக் காட்டுங்கள். நியாயமான கேள்வி. செய்தி ஆசிரியர்களும் இதைத்தான் கேட்பார்கள்: இதைச் சொன்ன ஆள் ஒருவர்தானா, இன்னொருவர் இருக்கிறாரா? மறுபடி கிடைக்காவிட்டால் கட்டுரையைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதென்று தங்கை முடிவு செய்திருந்தாள். நான்கு வருடமும் அதோடு போகும்.

அதனால்தான் சென்ற கார்த்திகைக்கு முன்கூட்டியே வந்து மாமாவிடம் சொல்லிவைத்தாள். மாமா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. ஒவ்வொரு வருடமும் பனை பார்த்து, வெட்டி, நட்டு, ஓலை கட்டுவது அவர் பொறுப்பு. அடித்தண்டை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் தனக்காக எடுத்து வைக்கும்படி கேட்டாள். மாமா வைத்தார். கூட்டம் பாய்ந்தபோது கட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "எம் மருமக ஆராய்ச்சிக்குடா, தள்ளிப் போங்கடா" என்று கத்தியதை நான் பார்த்தேன். அன்றிரவே அதைச் சுமந்துபோய்த் தன் வயலின் மோட்டார் ரூமில் பூட்டிவைத்தார். பூஞ்சை வர நாளாகும். வந்ததும் சொல்லு என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தங்கை திருச்சிக்குப் போயிருந்தாள். மாமாவிடம் ஏன் நேராகச் சொல்லவில்லை என்பது பின்னால்தான் விளங்கியது.

ஒன்பது மணிக்கு மேல் தங்கை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு டப்பா. நேராக மோட்டார் ரூமுக்கு நடந்தாள். "மதினியோட கட்டையே இவ்வளவு பூத்திருந்தா, மாமா வச்சிருக்கிற அடிக்கட்டை எப்படி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

மாமா பூட்டைத் திறந்தார். தார்ப்பாயை விலக்கினார். கட்டை கறுப்பாக, சுத்தமாக, பளபளப்பாக இருந்தது. ஒரு பொட்டு ஆரஞ்சு இல்லை.

"பாத்தியாத்தா," என்றார் மாமா. "கரையான் அண்டல. பூஞ்சாணம் அண்டல. நெல்லுக்குக் குலைநோய்க்கு அடிக்கிற மருந்து மிச்சம் இருந்துச்சு. டேங்க்ல கலக்கி ரெண்டு தடவ அடிச்சேன்."

தங்கை கட்டையைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். பிறகு மறுபடி கட்டையை.

"மாமா, நான் அந்தப் பூஞ்சாணத்துக்காகத்தான் கட்டையைக் கேட்டேன்."

"எந்தப் பூஞ்சாணத்துக்கு?"

"இதுல வர்ற பூஞ்சாணத்துக்கு."

மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "அதைச் சொல்ல வேண்டியதுதானத்தா? கட்டை வேணும், கெடாமப் பாத்துக்கங்கன்னுதான சொன்ன?"

"ஆமா மாமா."

"கெடாமப் பாத்துக்கிட்டேன்."

பூஞ்சை என்று சொன்னால் மாமா சிரிப்பார் என்று பயந்துதான் சொல்லவில்லை என்று அவள் பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள். அவள் பயந்தது சரி. உண்மை தெரிந்ததும் மாமா சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு.

"பூஞ்சாணத்தப் படிக்கவா ஆத்தா அம்புட்டு வருசம் படிச்ச? நாங்க அதைக் கொல்ல மருந்துக்கடைக்கு நடையா நடக்கிறோம். நீ அதுக்குப் பள்ளிக்கூடம் வச்சு நடத்துற." சிரிப்பு அடங்கி அவள் முகத்தைப் பார்த்த பிறகு குரல் மாறியது. "இப்ப என்ன செய்யணும், சொல்லு. கழுவிப் பாக்கவா?"

"கழுவினாலும் வராது மாமா. நல்லா அடிச்சிருக்கீங்க."

ஆக, ஊரில் மிச்சமிருந்தது மதினியின் கட்டை ஒன்றுதான். மற்ற துண்டுகள் எல்லாம் வயல் சேற்றில் ஊன்றப்பட்டு மூழ்கியிருந்தன. மூன்று பேரும் கொட்டகைக்குத் திரும்பினோம். அதற்குள் அங்கே ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். கட்டைக்கு முன்னால் செம்பருத்தி வைத்து, ஊதுபத்தி கொளுத்தியிருந்தது. மதினி வாசலில் நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். நான் செய்ய வேண்டிய போலீஸ் வேலையை அவரே செய்துகொண்டிருந்தார்.

தங்கை செருப்பைக் கழற்றினாள். டப்பாவைத் திறந்தாள். ரப்பர் கையுறையை மாட்டினாள்.

"இரு, இரு," என்றார் மதினி. "உறை மாட்டிக்கிட்டா சாமியத் தொடுவ? சாமி மேல என்ன தீட்டு?"

கூட்டம் தங்கையைப் பார்த்தது. மாமா எங்கேயோ பார்த்தார்.

"சாமி மேல தீட்டு இல்ல மதினி," என்றாள் தங்கை. "என் கையிலதான் தீட்டு. பஸ் கம்பியப் பிடிச்சுட்டு வந்திருக்கேன். எங்கை அழுக்கு அது மேல படக்கூடாதுல்ல? அதுக்குத்தான் உறை."

அவள் சொன்னது முழு உண்மை. ஆய்வகத்தில் கையுறை போடுவதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை. மதினி யோசித்தார்.

"அப்ப எனக்கும் ஒரு சோடி குடு."

கொடுத்தாள். மதினி அதை மாட்டிக்கொண்டு, விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, "சரி, வா" என்றார்.

தங்கை ஒரு சிறிய ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். இடுக்கியை அந்தச் சுடரில் காட்டிச் சுட வைத்து, ஆற விட்டு, கட்டையில் ஒரு இடத்திலிருந்து கொஞ்சம் பொடி எடுத்தாள். அதை வெள்ளைக் காகிதத்தில் வைத்து மடித்தாள். மறுபடி சுடர், மறுபடி வேறொரு இடம். ஒவ்வொரு திட்டும் தனித்தனி விதையிலிருந்து எழுந்தது, ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது என்று விளக்கினாள். யாரும் விளக்கத்தைக் கேட்கவில்லை. இரண்டாவது முறை இடுக்கியைக் காட்டியபோது, வாசலில் நின்ற ஒரு பெண் கையை நீட்டி ஸ்பிரிட் விளக்கின் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்தவளும் ஒற்றிக்கொண்டாள். தங்கை கொஞ்ச நேரம் இடுக்கியைப் பிடித்தபடி காத்திருந்தாள். வரிசை முடிந்ததும் வேலையைத் தொடர்ந்தாள்.

காகிதப் பொட்டலங்கள் அச்சு அசல் விபூதிப் பொட்டலங்கள். "எங்களுக்கும் ஆளுக்கொண்ணு மடிச்சுக் குடு ஆத்தா" என்று ஒரு குரல் வந்தது.

"இது சாப்பிடக் கூடாதுங்க."

"யாரு சாப்பிடப் போறா? பீரோவுல வைக்கத்தான்."

"இதனால நெல்லுக்கு ஏதாச்சும் ஆகுமா?" என்று மாமா கேட்டார். அவர் மனதில் இன்னும் டேங்க் இருந்தது.

"நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது மாமா. இதைப் படிச்சா ஒங்களுக்கு ராத்திரி ஏன் தூக்கம் வருதுன்னு தெரியும்."

"எனக்கு ஏன் வருதுன்னு எனக்குத் தெரியாதா? பகலெல்லாம் ஒழைக்கிறேன்."

தங்கை கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் வழித்து எடுத்ததுபோல் வெறும் கரியாக இருந்தது. சுற்றிலும் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு.

"இந்த எடத்துல என்ன ஆச்சு?"

"அங்கதான் நல்லா மொத்தமா பூத்திருந்துச்சு," என்றார் மதினி. "காலையில வழிச்சு எடுத்து வச்சுக்கிட்டேன்."

"எங்க வச்சிருக்கீங்க?"

மதினி கையுறை போட்ட விரலால் தன் நெற்றியைக் காட்டினார்.

தங்கை அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆளைப் பார்க்கவில்லை, நெற்றியை மட்டும் பார்த்தாள். காலையில் பூசியது. மேலே வியர்வை, கீழே குங்குமம், ஓரத்தில் நேற்றைய திருநீறு, முகமெங்கும் மஞ்சள்.

"மதினி, கொஞ்சம் குனிங்க."

"எதுக்குடி?"

"கண்ண மூடிக்கங்க. சுடாது. இடுக்கியில்ல, இது பஞ்சுக் குச்சி."

மதினி குனிந்தார். பெண்கள் அருகே வந்து சூழ்ந்தார்கள். தங்கை பஞ்சுக் குச்சியால் நெற்றியின் நடுவில் ஒரு தடவை ஒற்றி எடுத்து, தனியாக ஒரு குழாயில் போட்டு மூடினாள். மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கிட்டு எங்கிட்டெல்லாம் பூஞ்சாணம் பிடிக்கிறா பாருங்க" என்றார். மதினி கண்ணை மூடியபடியே, "வாயை மூடுங்க சித்தப்பா, மருந்தடிச்ச ஆளு பேசக் கூடாது" என்றார். அதற்குள் விஷயம் எப்படி அவர் காதுக்கு எட்டியது என்பதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மத்தியான பஸ்ஸில் தங்கை திருச்சிக்குப் போனாள். மடியில் டப்பா. தெருவில் பல வீட்டுப் பீரோக்களில் காகிதப் பொட்டலம்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் மாமா என் வீட்டுப் பக்கம் வந்தார். வேறு வேலையாக வந்ததுபோல் நிற்பார். மழை பற்றிப் பேசுவார். கிளம்பும்போது, "பூஞ்சாணம் எந்திரிச்சிருச்சாமா?" என்பார். நோயாளியை விசாரிப்பது போன்ற குரல். தங்கையிடம் கேட்டு நான் சொல்வேன்: எழுந்துவிட்டது, வளர்கிறது, இருட்டறையில் குழாய்க்குள் விட்டிருக்கிறாள்.

"இருட்டறையிலயா? பயப்படாதா?" என்றார் ஒரு நாள்.

மதினிக்கும் அக்கறை இருந்தது, ஆனால் அவருக்குச் சந்தேகம் இல்லை. "எங்க வீட்டுல பூத்தது. சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பால் ஊற்றப் போய்விடுவார்.

சரியாகத்தான் இருந்தது, அதுதான் சிக்கல். ஒவ்வொரு குழாயாகப் பட்டைகள் விழுந்தன. ஒவ்வொன்றும் உலகத்தில் உள்ள மற்ற பூஞ்சைகளைப்போலவே, நம் நாளைவிடக் கொஞ்சம் குறைவான நாளோடு, ஒழுங்காக நேரம் காட்டியது. ஊர்ப் பூஞ்சையில் ஒன்றுகூட லேட்டாக வரவில்லை. தங்கை போனில் கேலி எதுவும் செய்யாமல் முழு வாக்கியங்களில் பேசினாள். அவள் முழு வாக்கியம் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். "கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்" என்றாள்.

"எல்லாக் குழாயும் பாத்துட்டியா?"

"நெத்தி மட்டும் பாக்கி. மதினி முகத்து மஞ்சள்ல இருந்து என்னென்னமோ சேந்து வளருது. அதை எல்லாம் களைஞ்சுட்டு இப்பத்தான் குழாயில விட்டுருக்கேன். அதையும் பாத்துட்டு அனுப்பலாம்."

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் மழை பற்றிப் பேசவில்லை. வாசல் படியில் உட்கார்ந்தார். "அந்த அடிக்கட்டையில இருந்திருக்கும்" என்றார். "அதுல நல்லது இருந்திருக்கும்." எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு சாயங்காலம் வரவில்லை.

மூன்றாவது நாள் போனில் ஒரு படம் வந்தது. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றன்கீழ் ஒன்று. மேலே சில வருடம் முன்பு எடுத்த பூஞ்சை. கீழே நெற்றி. மேலே பட்டை இருக்கும் இடங்களுக்கு நேர் கீழே கீழ்க் குழாயிலும் பட்டைகள் இருந்தன. படத்தோடு செய்தி எதுவும் இல்லை. அன்றிரவு அந்த மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். அதே எழுத்து மாறியிருந்தது.

படத்தைக் கொண்டுபோய் மதினியிடம் காட்டினேன்.

"இது என்ன, ஓணான் வாலு மாதிரி?"

"இது ஒங்க நெத்தி மதினி. நாளு நீளமா காட்டுது."

"எனக்கு நாளு நீளந்தான். நாலு மணிக்கு எந்திரிக்கிறேன்ல?" என்றார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி, "நான் அப்பவே சொன்னேன், எங்க வீட்டுலதான்னு" என்றார்.

மாமாவைத் தேடி வயலுக்குப் போனேன். மோட்டார் ரூம் வாசலில் இருந்தார். படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "எந்திரிச்சிருச்சா?" என்றார். ஆமாம் என்றேன். மருந்தடிக்கும் டேங்கைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, பீடி பற்றவைத்தார். "அடுத்த வருசம் ரெண்டு பனை நட்டுருவோம்" என்றார்.

மதிப்பிட்டவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: அந்த ஒன்றை மட்டும் எங்கிருந்து எடுத்தீர்கள்? தங்கை நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். கட்டுரை இந்த வருடம் வெளிவந்தது. அதன் அட்டவணையில், பூஞ்சை கிடைத்த இடம் என்ற பத்தியில், ஒன்றன்கீழ் ஒன்றாக 'எரிந்த பனங்கட்டை' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைசி வரியில் 'நெற்றி' என்று இருக்கிறது.